படத்தில் ஆளே இல்லை

நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கு ஒரு படம் உண்டு. இதைப் படிக்கிற எல்லாருமே அதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் சூரியன். கீழே கடல். கடலிலிருந்து மேலே போகிற அம்புக்குறிகள். பஞ்சுப் பொதி மாதிரி மேகம், மலை, மலைமேல் மழை, அங்கேயிருந்து நெளிந்து நெளிந்து மறுபடியும் கடலுக்கே வருகிற ஆறு. ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கும். 1999இல் வேலைக்கு வந்ததிலிருந்து இந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னாலும் போடுவேன். அந்தப் படத்தில் ஆளே இல்லை. ஒரு கிணறு இல்லை, குடம் இல்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்து நிற்கிற ஒரு பொம்பளை இல்லை. ஊர் இல்லை. ஊர் இல்லாததால் சேரியும் இல்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லித் தர்ற இடத்துல ஆள் எதுக்கு டீச்சர்?" என்று கூட வேலை பார்த்த ஒருவர் கேட்டார். நல்ல மனுஷர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அதையும் சொல்லிவிடவேண்டும். அவர் இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி முடிப்பார்: "பாத்தீங்களா பசங்களா, மழைக்குச் சாதியில்ல, மதமில்ல, எல்லார் மேலயும் ஒரே மாதிரிதான் பெய்யுது." பிள்ளைகள் கை தட்டும். மணி அடித்ததும் எழுந்து தண்ணி குடிக்கப் போகும். யார் எங்கே போய், எந்தப் பாத்திரத்தில் குடிக்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

மழைக்குச் சாதி இல்லை என்பது உண்மைதான். அந்த உண்மையால் எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு குடம் தண்ணி கிடைத்ததில்லை. மழை விழுந்து ஏதாவது ஒரு பள்ளத்தில் தேங்கினவுடனே அதுக்கு ஒரு கரை வந்துவிடுகிறது. கரை வந்தால் கரைக்கு ஒரு பாத்தியதைக்காரன் வந்துவிடுகிறான். சாதி அங்கே பிடித்துக்கொள்கிறது. கடலிலிருந்து கிளம்பின நீராவி ஆகாயத்தில் இருக்கிற காலம் சராசரியாக ஒன்பது பத்து நாள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பத்து நாளைத்தான் பாடநூல் வண்ணத்தில் அச்சடித்துக் காட்டுகிறது. மண்ணுக்கு வந்த பிறகு அந்தத் தண்ணி எந்த மதகு வழியாக, எந்த மோட்டார் வழியாக, யாருடைய குடத்துக்குப் போகிறது, யாருடைய குடத்துக்குப் போகாமல் நிற்கிறது என்பதைக் காட்டாது. காட்டாமல் விட்டது அறிவியல் இல்லை தோழர்களே, அது ஒரு முடிவு.

2006இல் நடந்ததைச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பத்தொன்பது பேர் காலனி, பன்னிரண்டு பேர் ஊர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அப்போதே வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். ஐப்பசி மாசம், வெளியே நல்ல மழை. நீர்ச்சுழற்சியைச் செய்து காட்டலாம் என்று, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். எல்லாத் தண்ணியையும் சத்துணவுக் கூடத்து அண்டாவில் ஊற்றி அடுப்பில் ஏற்றினோம். கொதிக்கும்போது ஆவி மேலே போவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அண்டா மேல் ஒரு தட்டை வைத்து, தட்டில் குளிர்ந்த தண்ணி ஊற்றினேன். கொஞ்ச நேரம் பொறுத்துத் தட்டைச் சாய்த்துத் தூக்கினால் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து கனத்துச் சொட்டியது. "மழ டீச்சர், மழ!" என்று கத்தினார்கள். டம்ளரில் பிடித்தோம். ஒருத்தன் ஆசையில் வாயில் ஊற்றிக்கொண்டான். பிறகு எல்லோருக்கும் ஆளுக்கு ரெண்டு சொட்டு வேண்டும் என்று ஆகிவிட்டது.

அப்போது ஊர்ப்பையன் ஒருத்தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "டீச்சர், இது எங்க வூட்டுத் தண்ணியா, காலனித் தண்ணியா?"

நான் வாய் திறக்கிறதுக்கு முன்னாலேயே காலனிப் பெண் ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள்: "ஆவியா போயிட்டா எதுடா ஒங்க தண்ணி எங்க தண்ணி? இப்பதான டீச்சர் சொன்னாங்க!"

என் வேலைக் காலத்தில் அவ்வளவு சரியான விடையை எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. பையனும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டான். அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்கள். "ஏம்மா, புள்ளைங்கள படிக்க அனுப்புனா, நீ எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ஊத்திக் குடுப்பியா? நீ எந்த எடம்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். நான் எந்த இடம் என்று தெரிந்துகொள்வதற்கு அவர்களுக்கு நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே போதுமானதாக இருந்தது. தலைமையாசிரியர் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாடத்த நடத்துங்க டீச்சர், ஊர நடத்தாதீங்க" என்றார். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட செயலாம். கொதிக்கிற பாத்திரத்தின்மேல் குளிர்ந்த தட்டை வைத்துப் பார்ப்பது பாடநூலில் இருக்கிற செயல்பாடுதான் என்று பதில் எழுதினேன். முப்பத்தொரு டம்ளர் தண்ணியைத் தனித்தனி அண்டாவில் கொதிக்கவைக்கவேண்டும் என்று நூலில் எங்கும் போடவில்லை என்றும் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டு அனுப்பச் சொன்னார்கள். அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன். வேலை வேண்டுமே. மூன்று பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் அந்தப் பையனும் ஒருத்தன்.

இதை அவமானமாக எழுதவில்லை. அந்த ஏழெட்டுப் பேருக்கு ஆவியாதலைப் பற்றி என்ன எண்ணம் என்று யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கொதித்து ஆவியாகி, மறுபடியும் குளிர்ந்து விழுந்த சொட்டு. அதைவிடச் சுத்தமான தண்ணி அந்த ஊரில் கிடையாது. காய்ச்சி வடித்த தண்ணி அது. அதிலும் எங்கள் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், தீட்டு தண்ணியில் இல்லை என்பது தெரிகிறதா இல்லையா?

எங்க தாத்தா நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்று முறைபார்த்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. அயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால்தான் அவரை வைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். நிலம் இல்லாதவன் பாரபட்சம் பார்க்கமாட்டானாம்! அறுவடைக் களத்தில் மரக்கால் கணக்கில் நெல் அளந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் அவர் வீட்டில் படுத்ததை எங்க அம்மா பார்த்ததே இல்லையாம். அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரைமேல்தான் கிடப்பார். கரை கசிகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். தண்ணி தலைக்குமேல் நிற்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மதகுக் கல்லை நகர்த்துவார். மேலேரி கோடி போனால் எத்தனை நாளில் நம்ம ஏரிக்குத் தண்ணி வரும், எந்தக் காத்து அடித்தால் மழை நிற்கும், ஏரி நிறைந்தால் எந்தெந்தக் கிணத்தில் ஊறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாடநூலில் அரைப் பக்கம் இருக்கிற நீர்ச்சுழற்சியை உடம்பாலேயே படித்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது.

அவர் கால் பட்ட தண்ணிதான் அத்தனை நஞ்சைக்கும் போனது. அந்த நெல்தான் ஊரில் சோறானது, கோயிலில் பொங்கலானது. அதைத் தின்ற யாரும் தலைமுழுகவில்லை. அதே தாத்தா தாகம் எடுத்தால் ஊர்க்கிணத்தடியில் தள்ளி நின்று ரெண்டு கையையும் குவித்து ஏந்துவார். யாராவது மனசு வந்து தூக்கி ஊற்றவேண்டும். ஓடுகிற தண்ணிக்குத் தீட்டில்லை என்று இதுக்கு ஒரு சாஸ்திரம் சொல்வார்கள். சரி, தெருக்குழாயில் வருவதும் ஓடுகிற தண்ணிதானே? எங்க அம்மா பிடித்துவிட்டு நகர்ந்ததும் குழாய் வாயைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தானே அடுத்த குடத்தை வைத்தார்கள்? விஷயம் அதுவே இல்லை. எங்கள் உழைப்பு இறங்குகிற தண்ணியில் தீட்டு இல்லை, எங்கள் உரிமை இறங்குகிற தண்ணியில் மட்டும் தீட்டு வந்துவிடுகிறது. இந்த ஒன்றைச் சொல்லாமல் நீர் மேலாண்மை என்று எவ்வளவு எழுதினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஏரி என்றதும் உருகிப்போகிற ஒரு கூட்டம் நம்ம பக்கத்திலேயே உண்டு. சுற்றுச்சூழல் நண்பர்களைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் ஏரிகள், ஒன்று நிறைந்து ஒன்றுக்குப் போகிற சங்கிலி, முன்னோர் அறிவு, குடிமராமத்து, ஊர்கூடித் தூர்வாரிய பொற்காலம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். சங்கிலி உண்மை, அறிவும் உண்மை. அந்த அறிவு யாருடையது, ஊர்கூடி என்றால் யார் கூடினது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். தூர் வாரியதும் கரை அடைத்ததும் பெரும்பாலும் சேரிக்காரனுடைய வெட்டி வேலை. மண்வெட்டி பிடிக்காத மிராசுதாரும் 'குடி'தான், கூலியில்லாமல் மண் சுமந்த எங்க தாத்தாவும் 'குடி'தான் என்றால் எப்படி? இந்த வேலைக்கு ஆளை வலுக்கட்டாயமாக இழுத்துப் போக வெள்ளைக்காரன் 1858இல் ஒரு சட்டமே போட்டான். சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதுக்குப் பெயர். மனமுவந்து ஊர்கூடிச் செய்த வேலை என்றால் சட்டம் எதுக்கு வந்தது? 2017இல் தமிழக அரசு மறுபடியும் அதே குடிமராமத்து என்கிற பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. பெயரையாவது மாற்றியிருக்கலாம்.

சட்டம் என்று பார்த்தால் எங்கள் பக்கமும் நிறையவே இருக்கிறது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் முயற்சியில் சென்னை மாகாண சட்டசபை தீர்மானம் போட்டு, பொதுப் பாதையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் என்று அரசாணை வந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? நூற்றெட்டுக் குடம் தண்ணியை மொண்டு, அதில் சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் திரும்ப ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். சாணி கலந்தால் சுத்தம், மனுஷன் கை பட்டால் அசுத்தம். இது எந்த வகுப்பு அறிவியல்? வழக்கு நடந்து, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம்ம பக்கம் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது. பெயர் சொல்லி எழுதவேண்டிய நிலை இருந்ததால்தான் எழுதினார்கள். ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் அரசியல் சட்டம் வரும், அறிவியலில் தண்ணி வரும். ரெண்டும் ஒரே குளம் என்று பிள்ளைக்கு எந்தப் புத்தகமும் சொல்லாது.

பள்ளிக்கூடத்துப் பானை கதை தனி. அம்பேத்கர் படித்த பள்ளியில் அவராகக் குழாயைத் தொடக்கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணி, பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டும். அது வெள்ளைக்காரன் காலம் என்பார்கள். 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், சாதி இந்துப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த பானையில் மொண்டு குடித்த தலித் சிறுமியை ஆசிரியர் அடித்ததில் ஒரு கண்ணில் பார்வையே போய்விட்டது. ஒண்ணாம் வகுப்புக் குழந்தைக்கு உண்டான வயசு. 2022 ஆகஸ்டில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயசு தலித் பையன் செத்துப்போனான். தண்ணிப் பானையைத் தொட்டதற்காக ஆசிரியர் அடித்த அடியில்தான் செத்தான் என்று வீட்டார் புகார் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கும் நான் வகுப்புக்குப் போனேன். எத்தனை பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு மேகம் வரைந்து அம்புக்குறி போட்டிருப்பார்களோ.

அதே வருஷம் டிசம்பரில் வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டம். தலித் குடியிருப்புக்குத் தண்ணி கொடுக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், தொட்டிமேல் ஏறிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியாகக் கட்டுகிற வழக்கம் இல்லையென்றால் ஒரு தெருவை மட்டும் குறிவைத்து இப்படிச் செய்ய வழியே இருந்திருக்காது. தனித்தொட்டி கட்டித் தருவதைச் சாதனையாகக் கல்வெட்டில் பொறிக்கிறார்கள். நம்ம ஆட்களும் போய்க் கை தட்டிவிட்டு வருகிறோம்.

இன்னொரு துண்டும் படத்தில் விட்டுப்போயிருக்கிறது. தண்ணி குடித்தபிறகு, குளித்தபிறகு, கழுவினபிறகு எங்கே போகிறது? ஆறு நேராகக் கடலுக்குப் போகிற மாதிரி வரைகிறார்கள். நடுவில் சாக்கடை இருக்கிறது, மலக்குழி இருக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம் என்று போட்ட பிறகும் அந்தக் குழிக்குள் இறங்குகிறவர்கள் யார், அங்கேயே மூச்சடைத்துச் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து, எங்கப்பா இதில் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு அந்த வயசுக்குள் தெரிந்துபோயிருக்கும்.

நம்ம தோழர்களிடத்திலும் எனக்குக் கோபம் உண்டு. நிலம், கோயில் நுழைவு, இடஒதுக்கீடு என்று எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். மூணாம் வகுப்பு அறிவியலில் என்ன இருக்கிறது என்று எந்தத் தோழர் பிரித்துப் பார்த்தார்? ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினபோது, "இதெல்லாம் பெரிய பிரச்சினையா தோழர்?" என்று ஒரு தம்பி கேட்டார். வரலாற்றுப் பாடத்தில் பொய் இருந்தால் நம்ம ஆட்கள் கொதிக்கிறார்கள். அறிவியல் என்றால் அது எல்லோருக்கும் பொது என்று விட்டுவிடுகிறார்கள். பொது என்கிற சொல்லிடம் நாம் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம், பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு என்று!

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். பாடநூல் படத்தை முதல் நாள் போடுகிறேன். கடலில் நூற்றுக்குத் தொண்ணூத்தியேழு பங்கு, மிச்சம் கொஞ்சம்தான் நல்ல தண்ணி, அதிலும் பெரும்பகுதி பனிக்கட்டி என்றெல்லாம் சொல்கிறேன். அதில் ஒரு குறையும் வைப்பதில்லை. பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள், எங்கள் பிள்ளைகள் மார்க் வாங்கியாகவேண்டும். ரெண்டாவது நாள் எல்லோரையும் நடக்கவிடுகிறேன். ஏரிக்கு, மதகுக்கு, கோடிக்கு. பெரிய வீட்டு போர் எத்தனை அடி, காலனிக் கைப்பம்பு எத்தனை அடி என்று கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். சித்திரையில் எது முதலில் வற்றும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நிலத்தடி நீர் என்பதை இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. மோட்டார் போடுகிற அண்ணனிடம் எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் விடுகிறார் என்று கேட்கச் சொல்கிறேன். ஊர்ப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் பதில் ஒழுங்காகக் கிடைக்கிறது. பிறகு படம் போடச் சொல்கிறேன், ஆள் இருக்கிற படம்.

போன வருஷம் காலனிப் பெண் ஒருத்தி போட்ட படம் என்னிடம் இருக்கிறது. சூரியன், மேகம், மழை, ஏரி எல்லாம் சரியாக இருந்தது. ஏரிக்கரையில் கிணறு, மோட்டார் ரூம், டேங்க். டேங்கிலிருந்து ஊருக்கு நீலத்தில் தடியாக ஒரு கோடு. காலனிக்கு வருகிற கோட்டை மட்டும் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். மழை மாதிரி வரைந்துவிட்டாளோ என்று நினைத்து, "ஏம்மா இது மட்டும் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் வரும் டீச்சர்" என்றாள்.

இதைப் படிக்கிற ஆசிரியத் தோழர்கள் உங்கள் பிள்ளைகளிடமும் போடச் சொல்லிப் பாருங்கள். போட்ட படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்திரிகைக்கு அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் வருகிற ஐப்பசிக்கு மறுபடியும் அந்தச் செயல்பாட்டை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் கேட்டு நிற்கவேண்டாம் என்று அண்டாவை நானே வாங்கிவிட்டேன்.